பாடம் எப்படிப் போனது?

எனக்குக் கோபம் சட்டென்று வரும். இதை முதலிலேயே சொல்லி வைக்கிறேன், பிறகு வாசிக்கிறவர்கள் குறை சொல்லக் கூடாது. வீட்டில், கடையில், பஸ் தரிப்பில், எங்கேயும் என் வாயை மூட ஆளில்லை. ஆனால் படிப்பிக்கிறவர்கள் முன்னால் போய் நின்றால் மட்டும் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூட வலைப்பந்தாட்ட அணிக்கு நான்தான் தலைவி. நடுவரோடு சண்டை பிடித்து ஆட்டத்திலிருந்து வெளியேற்றப்பட்டவள். அதே நான், பி.டி. டீச்சர் கூப்பிட்டால் கையைக் கட்டிக்கொண்டு நிலத்தைப் பார்த்தபடி நிற்பேன். அப்படித்தான் எங்களை வளர்த்துவிட்டார்கள். அந்த வளர்ப்பு லண்டனில் என்னைப் படுத்திய பாடு கொஞ்சநஞ்சமல்ல.

தொண்ணூறுகளின் தொடக்கம். அகதியாக வந்து, விடியற்காலையில் அலுவலகங்களைத் துடைத்து, பகலில் பொலிடெக்னிக்கில் விளையாட்டு விஞ்ஞானம் படித்து ஒரு பட்டமும் எடுத்துவிட்டிருந்தேன். உடற்கல்வி ஆசிரியையாக வேண்டுமானால் அது போதாது. பட்டத்துக்கு மேல் இன்னும் ஒரு வருஷம் பயிற்சி எடுக்க வேண்டும். கொஞ்சக் காலம் கல்லூரியில் பாடம், மிச்சக் காலம் ஒரு பள்ளிக்கூடத்தில் நின்று படிப்பிக்க வேண்டும். கடைசித் தவணையில் வெளியிலிருந்து ஒரு பரீட்சகர் வந்து நாங்கள் படிப்பிப்பதைப் பார்ப்பார். அதில் தவறினால் அந்த வருஷமே போச்சு.

எனக்கு வருஷத்தோடு முடிகிற விஷயமும் இல்லை. என் கணவரின் அக்கா, எனக்கு மச்சாள், கோலியர்ஸ் வுட்டில் பலசரக்குக் கடை வைத்திருந்தார். கடைக்கு மேலே இருந்த இரண்டு அறையில் நாங்கள் குடியிருந்தோம். நான் என்ன படிக்கப் போகிறேன் என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து மச்சாளுக்குப் பொறுக்கவில்லை.

"பந்தெறியிறதுக்கும் ஒரு படிப்பே?" என்று கடைக்கு வருகிற சனத்துக்கு முன்னால் வைத்துக் கேட்பார். "ஊரில பி.டி. மாஸ்டர்மார் விசிலைக் கழுத்தில கொழுவிக்கொண்டு மரத்துக்குக் கீழ நிண்டவை. அதுக்குப் போய் லண்டனில பட்டம் முடிச்சு, அதுக்கு மேலயும் ஒரு வருஷமோ? கணக்குப் பாக்கிற எக்கவுண்டன் வேலை எண்டாலும் பரவாயில்லை. கலியாணம் முடிச்ச பொம்பிளை காச்சட்டையோட ஓடித் திரியிறதே? கண்டறியாத படிப்பு!"

என் கணவர் பெற்றோல் ஸ்டேஷனில் ஷிப்டுக்கு மேல் ஷிப்ட் நின்று என்னைப் படிப்பித்தார். நல்ல மனுஷன். ஆனால் அக்காவுக்கு முன்னால் அவருக்கு வாய் திறபடாது. கடைசியில் அக்காவும் தம்பியும் கதைத்து ஒரு முடிவுக்கு வந்தார்கள். ஒரே ஒரு முறைதான். பாஸ் பண்ணினால் நான் டீச்சர். தவறினால் மறுபேச்சில்லாமல் கடையில் வந்து கல்லாவில் இருக்க வேண்டும். மச்சாள் அதற்கென்று மெத்தை வைத்த ஸ்டூல் ஒன்றைக்கூட வாங்கிப் போட்டுவிட்டார். நான் படித்துக்கொண்டிருக்கும்போதே வாங்கிப் போட்டுவிட்டார்! அதைப் பார்க்கும்போதெல்லாம் தூக்கி ரோட்டில் எறிய வேண்டும் போல எனக்குக் கை துருதுருக்கும்.

எனக்குக் கிடைத்த பள்ளிக்கூடம் குரோய்டன் பக்கம். குரோய்டன் என்றாலே அந்தக் காலத்தில் எங்கள் ஆட்களுக்குப் பயம்தான். விசா அலுவலுக்கு அங்கேயிருந்த குடிவரவு அலுவலகத்துப் பெரிய கட்டடத்தில் காத்துக் கிடந்தவர்கள் நாங்கள். அந்த ஸ்டேஷனில் இறங்கும்போதே எனக்குப் பாதித் தைரியம் போய்விடும். மிச்சத்தைப் பறிப்பதற்குப் பள்ளிக்கூடத்தில் ஒருத்தி இருந்தாள்.

அவள் உடற்கல்வித் துறையின் தலைவி. எனக்கு மேற்பார்வையாளர். 'அவர்' என்று எழுதத்தான் வேண்டும், எழுத மாட்டேன். ஐம்பது வயதிருக்கும். ஹொக்கி விளையாடி உரமேறிய தோள், எந்நேரமும் கையில் ஒரு தேநீர்க் கோப்பை. முதல் நாளே என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "உங்கள் நாட்டில் பெண்கள் விளையாடுவார்களா?" என்று கேட்டாள்.

"கொஞ்சம்" என்றேன்.

கொஞ்சமாம்! மாவட்டத்தில் நீளம் பாய்தலில் முதலாவதாக வந்தவள் சொல்லுகிற பதிலா அது? ஆனால் எங்கள் ஊரில் வேறெந்தப் பதிலும் சொல்ல முடியாது. சோதனை எழுதிவிட்டு வருகிற பிள்ளையிடம் எப்படி என்று கேளுங்கள். எல்லாப் பாடத்திலும் முதலாவதாக வரப்போகிற பிள்ளைகூட "ஏதோ செய்தனான்" என்றுதான் சொல்லும். "நல்லாச் செய்தனான்" என்று சொல்லுகிற பிள்ளைக்குத் தலைக்கனம் என்று பெயர் வந்துவிடும். நாவூறு படும் என்று தாயே வாயைப் பொத்துவாள். நானும் அந்த ஊரில் வளர்ந்தவள்தானே.

பள்ளிக்கூடத்துப் பெட்டைகள் லேசுப்பட்டவர்கள் இல்லை. என் ஆங்கிலத்தைப் பிடித்து என் முகத்துக்கு முன்னாலேயே பேசிக் காட்டினார்கள். நெட்டையாய் ஒருத்தி, எந்நேரமும் சூயிங்கம் மெல்லுகிறவள், உடை மாற்றுகிற அறையில் என்னை, எங்கள் நிறத்து ஆட்களை இழிவாகச் சொல்லுகிற 'பாக்கி' என்ற சொல்லால் கூப்பிட்டாள். மெதுவாகவும் இல்லை, நன்றாகக் கேட்கத்தான் கூப்பிட்டாள். துறைத்தலைவி கதவடியில் நின்றாள். அவளுக்கும் கேட்டது. கோப்பையை ஊதி ஊதித் தேநீரைக் குடித்துவிட்டு, "நேரமாகிறது, வெளியே கூட்டிக்கொண்டு போ" என்று என்னிடம் சொன்னாள். அன்றைக்கு எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. என்ன செய்ய, கூட்டிக்கொண்டு போனேன்.

நான் ஒவ்வொரு பாடமும் முடித்த பிறகு, உடற்கல்வி அறையில், அவள் கதிரையில் இருந்து காலை நீட்டிக்கொண்டு ஒரே கேள்வியைக் கேட்பாள்.

"சரி, பாடம் எப்படிப் போனது?"

அது பயிற்சியின் ஒரு பகுதி. படிப்பித்தவள் முதலில் தன் பாடத்தைப் பற்றித் தானே சொல்ல வேண்டும், பிறகு மேற்பார்வையாளர் கதைப்பார். கேட்பது படிப்பிக்கிற ஆள், பதில் சொல்லுவது நான். கை தானாகக் கட்டிக்கொள்ளும்.

"அவ்வளவு நல்லாய் இல்லை. உடம்பைச் சூடாக்கும் பயிற்சி கூடிப்போய்விட்டது. பின்வரிசையில் இரண்டு பிள்ளைகளுக்குப் பந்தே போகவில்லை. என்னுடைய குரலும் காணாது."

"ம்" என்பாள். எழுதுவாள். முடிந்தது.

அவள் கேட்கிறாளே, வெறும் கையோடு போகக் கூடாதே என்று நான் வலிந்து குறை தேடிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். எத்தனையோ நாள் பாடம் அருமையாகப் போயிருக்கும். மணி அடித்த பிறகும் பிள்ளைகள் மைதானத்தை விட்டு வரமாட்டார்கள். அந்த நாட்களிலும் ஏதாவது ஓட்டை கண்டுபிடித்துச் சொல்லுவேன். "ம்" என்று எழுதுவாள்.

என்னோடு அதே பள்ளிக்கூடத்தில் இன்னொருத்தியும் பயிற்சிக்கு நின்றாள். வெள்ளைக்காரப் பெட்டை, தகப்பன் காரில் கொண்டுவந்து இறக்கிவிடுவார். ஒருநாள் பந்துகள் வைத்துப் பூட்டிய அலுமாரியின் திறப்பைத் தொலைத்துவிட்டு, வகுப்பு முழுவதையும் குளிருக்குள் நிற்கவைத்துவிட்டுத் தேடி ஓடித் திரிந்தாள். பாதிப் பாடம் அதிலேயே போச்சு. அவளிடமும் அதே கேள்வி.

"எனக்கு நல்ல சந்தோஷம்! பிள்ளைகள் அந்தக் குளிரிலும் எவ்வளவு பொறுமையாக நின்றார்கள், பார்த்தீர்களா? அவர்களோடு எனக்கு நல்ல உறவு வந்துவிட்டது."

துறைத்தலைவி சிரித்தாள். அவளுக்குப் பல் இருப்பதையே அன்றைக்குத்தான் கண்டேன். 'இதென்ன கூத்து, திறப்பைத் தொலைத்தவள் பெருமை பேசுகிறாளே, வெட்கம் கெட்டவள்' என்று நான் மூலையில் இருந்து மனதுக்குள் திட்டிக்கொண்டிருந்தேன்.

கடைசித் தவணை தொடங்கிய கையோடு கல்லூரி விரிவுரையாளர் என்னைக் கூப்பிட்டார். நான் சித்தியடைவது கஷ்டம் என்று பள்ளிக்கூடத்திலிருந்து அறிவித்திருக்கிறார்களாம். முகத்தைப் பாவமாக வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் சொன்னார். குரல் எட்டுவதில்லையாம். பின்வரிசைப் பிள்ளைகளைக் கவனிப்பதில்லையாம். நேரத்தைப் பங்கிடத் தெரியவில்லையாம். அவ்வளவும் என் வாயால் நான் சொன்னவை. ஒரு சொல் அவளுடையதில்லை. நான் மரியாதைக்கு எடுத்துக் கொடுத்ததையெல்லாம் அந்த மனுஷி சேர்த்து வைத்து எனக்கே எறிந்திருக்கிறாள்.

வீட்டுக்கு வந்து சட்டி பானையெல்லாம் அடித்தேன். கணவர் ஷிப்ட் முடிந்து வந்து சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றார்.

"அவள் துவேசம் பிடிச்சவள். என்னைக் கண்டாலே அவளுக்குப் பிடிக்கேல்ல. வேணுமெண்டு செய்யிறாள்" என்று கத்தினேன்.

"சரி, அவள் துவேசம்தான். ஆனா நீர் ஏன் அவளிட்டப் போய் உமக்கு ஒண்டும் தெரியாதெண்டு சொன்னனீர்?"

"நான் எங்க அப்பிடிச் சொன்னனான்? கேட்டா, சொன்னன். கேட்டா 'நான் நல்லாப் படிப்பிச்சன்' எண்டே சொல்லுறது? வெட்கமில்லாமல்?"

அவர் குனிந்து சப்பாத்தைக் கழற்றத் தொடங்கினார். அவரும் அதே ஊர்தானே.

அந்த நேரம் பார்த்து மச்சாள் கீழேயிருந்து ஒரு சட்டியோடு ஏறி வந்தார். கத்தரிக்காய்ப் பால்கறி. "இண்டைக்கு ஒண்டும் சரிவரேல்ல. உப்பும் கூடிப்போச்சு. வீசாமல் கொண்டந்தனான், ஏலுமெண்டாச் சாப்பிடுங்கோ" என்றார்.

"சும்மா விசர்க்கதை கதைக்காதேங்கோ அக்கா. உங்கட கையால வைச்சா அது எப்பிடிச் சரிவராமல் போகும்? நல்லா இருக்கும்" என்றார் கணவர். சட்டியைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. மச்சாள் முகம் மலர்ந்துபோய், "எட, உனக்கு எப்பவும் பகிடிதான்" என்றபடி இறங்கிப் போனார்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. உப்புக் கூடிவிட்டது என்று சொன்னால் இல்லை என்று சொல்லுவதற்கு ஒரு ஆள் வேண்டும். அதற்காகத்தான் சொல்லுவதே. நான் மாதக்கணக்காக அந்த அறையில் கையைக் கட்டிக்கொண்டு நின்றது இதற்குத்தான். 'சும்மா சொல்லாதே, நன்றாகத்தான் இருந்தது' என்று அவள் ஒருநாளாவது சொல்லுவாள் என்று. சட்டியில் உப்புக் கூடிவிட்டது என்றதும் "ஓம்" என்று எழுதிக்கொண்டு போகிற ஒருத்தியை நான் என் வாழ்க்கையில் கண்டதில்லை.

தெரிந்தவுடன் திருந்திவிட்டேனா? எங்கே! அடுத்த பாடம் முடிந்து அவள் கேட்டபோது, நல்லாய்ப் போனது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "பரவாயில்லை" என்றுதான் வந்தது. அதையும் எழுதினாள்.

பரீட்சகர் வந்த நாள் நல்ல வெயில். மெலிந்த மனிதர், வெயிலிலும் மழை அங்கியைக் கழற்றவில்லை. மைதான ஓரத்தில் துறைத்தலைவியோடு நின்றார். எனக்குத் தடைதாண்டல் பாடம். ஒரு தடைக்கும் அடுத்த தடைக்கும் நடுவில் மூன்று எட்டு வைக்க வேண்டும். நெட்டைப் பிள்ளைக்கும் குட்டைப் பிள்ளைக்கும் ஒரே இடைவெளி வைத்தால், குட்டைப் பிள்ளைக்கு மூன்று எட்டில் எட்டாது. நாலாவது எட்டு வைத்துத் தடுமாறும், பயந்துவிடும், அதற்குப் பிறகு தடைக்குக் கிட்டவும் வராது. நான் ஒவ்வொரு ஓடுபாதையிலும் ஒவ்வொரு இடைவெளி வைத்தேன். எது தனக்குப் பொருந்துகிறதென்று ஒவ்வொருத்தியும் ஓடிப் பார்த்துத் தானே கண்டுபிடிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டேன்.

சூயிங்கம்காரி வந்த வேகத்தில் பெரிய இடைவெளியில் ஓடி, இரண்டு தடையைத் தட்டி விழுத்தினாள். மற்றவர்கள் சிரித்தார்கள். நான் ஒன்றும் சொல்லவில்லை. தானாகவே பக்கத்துப் பாதைக்கு மாறினாள். ஒன்று, இரண்டு, மூன்று, தாண்டல். ஒன்று, இரண்டு, மூன்று, தாண்டல். கடைசித் தடை வரைக்கும் கால் குழம்பவில்லை. திரும்பி வந்து என்னை ஏறெடுத்தும் பார்க்காமல் மறுபடி வரிசையில் நின்றாள். எனக்கு அவள் பார்வை தேவையுமில்லை. வகுப்பில் ஒருத்தி மிச்சமில்லாமல் எல்லாரும் தாண்டினார்கள், மூச்சிரைக்கத் திரும்ப ஓடிவந்தார்கள். நான் அன்று படிப்பித்ததை விட நன்றாக யாரும் அந்த மைதானத்தில் படிப்பித்திருக்க மாட்டார்கள். இப்போது சொல்லுகிறேன்.

பிறகு உடற்கல்வி அறை. மூன்று கதிரை. அவள் கோப்பையோடு இருந்தாள். பரீட்சகர்தான் கேட்டார்.

"சரி, பாடம் எப்படிப் போனது?"

என் வாய் தன்பாட்டில் 'அவ்வளவு' என்று தொடங்கிவிட்டது. சத்தியமாகத் தொடங்கிவிட்டது. அவள் கோப்பையை மேசையில் வைத்துவிட்டுப் பேனையை எடுப்பதைக் கண்டேன். அந்தப் பேனை! என் உடம்பில் இருந்த கோபம் முழுக்க நாக்குக்கு வந்தது.

"நன்றாகப் போனது" என்றேன். "நான் நன்றாகப் படிப்பித்தேன்."

"எதையாவது மாற்றுவீர்களா?"

"ஒன்றையும் மாற்ற மாட்டேன்."

அப்படிச் சொல்லக் கூடாது என்று கல்லூரியில் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்கள். அவள் பரீட்சகர் பக்கம் திரும்பினாள். "இது புதிது. என்னிடம் இவள் ஒருநாளும் இப்படிச் சொன்னதில்லை" என்றாள்.

"உங்களிடம் மரியாதைக்காகச் சொன்னேன்" என்றேன். "எங்கள் ஊரில் கேட்கிறவருக்கு முன்னால் யாரும் தன்னைப் புகழுவதில்லை. குறையைத்தான் சொல்லுவோம். கேட்கிறவர் இல்லை, நன்றாய் இருந்தது என்பார். அதுதான் முறை. நான் என் பங்கைச் சொன்னேன். நீங்கள் உங்கள் பங்கை ஒருநாளும் சொல்லவில்லை. நான் கொடுத்ததையெல்லாம் வாங்கி வைத்துக்கொண்டீர்கள். என் குரல் எட்டவில்லை என்றீர்களாமே, இப்போது கேட்கிறதா?"

நல்லாய்க் கேட்டிருக்கும். அறைக்கு வெளியே போன பிள்ளைகள்கூட நின்று திரும்பிப் பார்த்தார்கள். போச்சு, எல்லாம் போச்சு, நாளைக்கே கல்லாதான் என்று எனக்கு நினைப்பு ஓடியது. ஆனால் சொன்னதற்காக ஒரு துளியும் வருத்தப்படவில்லை.

பரீட்சகர் அவள் எழுதிக் கொடுத்திருந்த அறிக்கையை எடுத்துப் புரட்டினார். பிறகு அவளைப் பார்த்து, "இவருடைய சொல்லை விடுங்கள். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்? இவர் படிப்பிப்பது எப்படி?" என்று கேட்டார்.

"இன்றைய பாடம் நன்றாக இருந்தது."

"இன்றைக்கு மட்டுமா?"

அவள் பேனையை மூடினாள். "இல்லை. வந்த நாளிலிருந்தே நன்றாகத்தான் படிப்பிக்கிறாள். என்னிடம் வந்த பயிற்சியாளர்களில் இவள்தான் திறம்."

"அப்படியென்றால் இந்த அறிக்கை?"

தோளைக் குலுக்கினாள். "அவள் சொன்னாள், நான் எழுதினேன். தன்னைப் பற்றித் தானே அப்படி நினைக்கிறவளைத் திருத்துவது என் வேலை இல்லையே."

பரீட்சையில் நான் சித்தியடைந்தேன். வெளியே வரும்போது அவள் கையை நீட்டினாள். நான் கொடுக்கவில்லை. பஸ் எடுத்து நேரே என் கணவர் வேலை செய்கிற பெற்றோல் ஸ்டேஷனுக்குப் போனேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கல்லாவில் இருந்தவர் என் முகத்தைப் பார்த்ததும் பயந்துபோய் எழும்பினார்.

"பாஸ்" என்றேன்.

"பாஸோ? பிறகேன் அழுகிறீர்? கடவுளே, சந்தோஷப்படாமல்!"

எனக்குப் பின்னால் ஆட்கள் காசு கட்ட நின்றார்கள். அதையெல்லாம் பார்க்கிற நிலையில் நான் இல்லை.

"இஞ்சாருங்கோ, அவளுக்குத் தெரியுமாம்" என்றேன். "நான் நல்லாப் படிப்பிக்கிறன் எண்டு அவளுக்கு முதல் நாளே தெரியுமாம்."